முழங்காலில் ஈர மூக்கு

அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே குழந்தை அழுகிறது என்று அர்த்தம். விற்றவன் அப்படித்தான் சொன்னான். வாங்கி வந்து சலவைக் கடையின் இஸ்திரி மேசைக்கு நேர் எதிரே மாட்டிய முதல் நாள் அது முப்பது தடவைக்கு மேல் எரிந்தது. முப்பது தடவையும் சின்னவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். குழந்தையோ இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஊரையே தன் பேருக்கு எழுதி வாங்கிவிட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. பெரிய மிஷின் துணி பிழிய ஆரம்பித்தால் விளக்குக்கு அதுவும் அழுகைதான். கதவு சாத்தினால் அழுகை, தெருவில் லாரி போனால் அழுகை. சாயங்காலம் கால் ஓய்ந்துபோய், அவள் விளக்கின் மேல் ஒரு ஈரத் துண்டைப் போட்டு மூடினாள்.

சின்னவளுக்குக் காது கேட்காது. ஆறு வயதில் வந்த காய்ச்சல், போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சு மிஞ்சியது அக்காவால். தொண்டையில் கை வைத்துப் பார்க்கச் சொல்லி, இந்த எழுத்துக்கு இவ்வளவு காற்று, அந்த எழுத்துக்கு இவ்வளவு அதிர்வு என்று வருஷக்கணக்காக எதிரில் உட்கார்ந்து பேச்சைப் பிடித்து வைத்தவள் அவள். ஆகவே சின்னவள் நன்றாகவே பேசுவாள். எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது மட்டும்தான் பிடிபடாது. மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். அடர்ந்த மீசைக்காரர்களும், வாயைத் திறக்காமல் முனகுகிறவர்களும் வந்தால் ரசீதுப் புத்தகத்தை நீட்டி எழுதச் சொல்லிவிடுவாள்.

விளக்கு வாங்கும்படி ஆனதற்கு ஒரு செவ்வாய்க்கிழமை காரணம். பிரசவம் ஆகி ஐந்து வாரம்கூட முடியவில்லை. அவள் வீட்டுக்காரர் விடுதிக்காரர்களின் படுக்கை விரிப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் மரத் தொட்டிலில் குழந்தை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போய்ப் பார்ப்பது வழக்கம். அன்று மடிப்பு மடிப்பாக வைத்த திரைச்சீலை ஒன்று அவள் கையை விடவில்லை. கோட்டு வாங்க வந்த வாத்தியார் ஒருவர் அவளைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் பார்த்தார். "எவ்வளவு நேரமா அழுதோ," என்றது அவர் வாய். அவள் உள்ளே போனபோது குழந்தையின் முகம் கறுத்துப் போயிருந்தது. வாய் திறந்திருந்ததே தவிர மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஒரு கால் தொட்டில் கம்பிக்கு நடுவில் சிக்கியிருந்தது. காலில் பட்ட தடம் மறுநாளே மறைந்துவிட்டது. சின்னவள் மனதில் பட்டது மறையவில்லை.

செய்தி கேட்டு, சனிக்கிழமை அக்கா வந்து இறங்கினாள். வேறு ஊரில் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவளுக்கு. பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் குழந்தையின் காலைப் பார்த்தாள்.

"ஒரு மாசம் லீவு போட்டிருக்கேன்," என்றாள், சின்னவளுக்கு நேராக வந்து நின்று. "முடிஞ்சு போறப்ப குழந்தை என்னோட வரட்டும். ஒரு வருஷம். நடக்க ஆரம்பிச்சு, தானா வந்து உன் துணியைப் பிடிச்சு இழுக்கிற வயசானதும் கொண்டாந்து விட்டுடறேன்."

"ஒரு வருஷத்துல அது உன்னைத்தான் அம்மான்னு நினைக்கும்."

"நினைக்கட்டுமே. உசுரோட இருந்து நினைக்கட்டும்."

சின்னவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் தலையாட்டுகிற மனுஷன் அவர். "அக்கா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல," என்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டை அவரே எடுத்துப் போட்டுச் சாப்பிட வேண்டியதாயிற்று.

புதன்கிழமைதோறும் நாய் ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு மூட்டை வரும். கொண்டு வருகிறவள் அங்கே நாய்களைக் குளிப்பாட்டி, ஊசி போடும்போது பிடித்துக்கொள்கிற பெண். திறந்துவிட்ட குழாய் மாதிரி பேசுவாள். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் வாயை நன்றாகத் திறந்து முழுசாகச் சொல்வதால் அவள் உதடு சின்னவளுக்கு அச்சடித்த புத்தகம். இந்தச் சிநேகிதம் நாலு வருஷத்துக்கு முந்தியது. கடை வாசலில் வந்து ஒண்டிய ஒரு பழுப்பு நாய்க்குட்டி, யாருடையதோ கோட்டிலிருந்து பொத்தானைக் கடித்து விழுங்கிவிட்டது. அதை வெளியே எடுத்தது அந்த ஆஸ்பத்திரியில். நாய்க்குப் பொத்தான் என்று பேர் நிலைத்தது. பெண்ணோடு பழக்கம் நிலைத்தது.

"ஏதோ விளக்கு வாங்கினியாமே?" என்றாள் ஆஸ்பத்திரிக்காரி, மூட்டையைத் தராசில் போட்டபடி.

"துண்டு போட்டு மூடியாச்சு."

"இவன் எதுக்கு இருக்கான்?" என்று மேசைக்கு அடியில் சுருண்டிருந்த பொத்தானைக் காட்டினாள்.

"இவனா? திருடன் வந்தா உள்ள கூட்டிட்டுப் போய் அலமாரியைக் காட்டுவான்."

"அதேதான் வேணும். குழந்தை அழுதா வந்து மூக்கால உன் முழங்கால்ல முட்டணும், முன்னால நடந்து தொட்டிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானா? என்னமோ சட்டையை மடிக்கிற மாதிரி சொல்ற."

"மொத்தமா பார்த்தா மலைப்பாதான் இருக்கும். துண்டு துண்டா நறுக்கிடு. முதல்ல மூக்கு உன் கையில பட்டா போதும், ஒரு துணுக்கு ஈரல். அது படிஞ்சதும் கை கிடையாது, முழங்கால். அப்புறம் ரெண்டடி தள்ளியிருந்து. அப்புறம் அடுத்த ரூம்லேர்ந்து. இன்னிக்குச் செஞ்சதைவிட நாளைக்கு ஒரு இழை கூட. தப்பா செஞ்சா திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. ஈரல் கிடையாது, அவ்வளவுதான்."

உள் வாசலில் குழந்தையோடு நின்ற அக்கா வாயைத் திறந்தாள். "நாயை நம்பியா குழந்தையை விடச் சொல்ற?"

"குழந்தையை அவங்கம்மாவை நம்பித்தான் விடச் சொல்றேன்க்கா. நாய் வெறும் தபால்காரன்."

அக்கா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு சின்னவளைத் தன் பக்கம் திருப்பினாள். "லீவு முடிய இருபத்தஞ்சு நாள் இருக்கு. அதுக்குள்ள இவன் செஞ்சான்னா நான் மூச்சு விடல. செய்யலன்னா குழந்தை என்னோட வருது. அப்புறம் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணக் கூடாது."

"சரி," என்றாள் சின்னவள். சொன்ன சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மழை பிடித்துக்கொண்ட காலம் அது. மாடியில் எதையும் காயப்போட முடியாமல், கடைக்குள்ளும் நடையிலும் கயிறு கட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த ஈரத் துணிகளுக்கு நடுவில் பொத்தானுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. கோழி ஈரலை வேகவைத்துப் பட்டாணி அளவுக்கு நறுக்கி, சின்னவள் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். நாய் சரியாகச் செய்த நொடியை அதற்குச் சொல்ல ஓர் அடையாளம் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரி தன் தலையிலிருந்து ஒரு டிக்-டாக் கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தாள். அழுத்தினால் நாய்க்குச் சத்தம். சின்னவளுக்குக் கட்டை விரலில் ஒரு துடிப்பு. கிளிப் சொடுக்கினால் ஈரல் வரும் என்பதைப் பொத்தான் அரை மணியில் தெரிந்துகொண்டான். சாப்பாட்டு விஷயத்தில் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூக்கு கையில் படுவதுதான் முதல் பாடம். சின்னவள் கொஞ்சம் தாமதமாகச் சொடுக்கினாள். அடுத்த நாள் முழுக்க பொத்தான் அவள் எதிரில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டாவி விட்டான். ஆஸ்பத்திரிக்காரி வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மூக்கு பட்டப்ப நீ அழுத்தல. பட்டுட்டு அவன் கொட்டாவி விட்டானே, அப்ப அழுத்தியிருக்க. கொட்டாவிக்குச் சம்பளம் கொடுத்தா விடாம என்ன பண்ணுவான்?"

"இப்ப என்ன செய்யறது?"

"ஒண்ணும் செய்யாதே. கொட்டாவிக்குச் சம்பளத்தை நிறுத்து. தானா போயிடும்."

போய்விட்டது. மூக்கு கைக்கு வந்தது, கையிலிருந்து முழங்காலுக்கு வந்தது. முழங்காலில் முட்டினால் ஈரல் என்று தெரிந்ததும் பொத்தான் வேலை நேரத்தில் எல்லாம் வந்து முட்டினான்; அவள் ஒரு சட்டையின் காலரைக்கூட முழுசாகத் தேய்க்க முடியவில்லை. தரையில் காலைத் தட்டிக் கூப்பிட்டுச் செய்தால் மட்டும் உண்டு என்று ஆனது. ஐந்தாம் நாள் இரண்டு விரிப்புகளைத் தாண்டி வந்தான். எட்டாம் நாள் உள்ளறைத் தொட்டிலருகே இருந்து புறப்பட்டு, நடையைக் கடந்து, மேசையைச் சுற்றி வந்து முட்டிவிட்டு, அவள் பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே தொட்டிலுக்குப் போனான். இஸ்திரி போட்டுக்கொண்டே, திரும்பத் திரும்பப் பெட்டியை நிமிர்த்தி வைத்து நடந்து, சின்னவளுக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு அவள் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

இனி அழுகையைச் சேர்க்க வேண்டும். அக்கா குழந்தையை மாடி அறையில் வைத்துக்கொண்டிருந்தாள், கீழே விடமாட்டேன் என்றாள். ஆகவே வீட்டுக்காரர் மாடிக்குப் போய் அழுகையைத் தன் போனில் பதிவு செய்துகொண்டு வந்தார். போனைக் காலித் தொட்டிலில் போட்டு ஓடவிடுவார். பொத்தான் எழுந்து வந்து சின்னவளை முட்டுவான். அவள் போய்த் தொட்டிலிலிருந்து போனை எடுத்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பாள். வீட்டுக்காரருக்கு இதில் ஒரே சிரிப்பு. பத்துக்குப் பத்து. பதினைந்தாம் நாள் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார்கள். பத்துக்குப் பத்து.

"சரி," என்றாள் அக்கா. "இப்ப நிஜத்தைப் போடு."

குழந்தையைத் தொட்டிலில் விட்டார்கள். பால் குடிக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் கடையில் போய், உள்ளறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு தலையணை உறையைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்தாள், மடித்தாள். அடுத்ததை எடுத்தாள். ஐந்தாவது உறையும் முடிந்தது. முழங்காலில் ஒன்றும் படவில்லை. பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தபோது நடையில் அக்கா நின்றாள், குழந்தை தோளில், முகம் சிவந்து, இன்னும் விம்மிக்கொண்டு. பொத்தான் தொட்டிலுக்கு அடியில் தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தான்.

"நாலு நிமிஷம்," என்றாள் அக்கா. "கடிகாரத்தைப் பார்த்துட்டேதான் நின்னேன். காதைக்கூட ஆட்டல." அவள் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. அது இருந்திருந்தாலாவது சின்னவளால் சண்டை போட்டிருக்க முடியும்.

அன்று மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே போட்டார். "விட்டுடும்மா," என்றார். "ஒரு வருஷம்தானே. வாராவாரம் போய்ப் பார்த்துட்டு வரலாம்."

சின்னவள் தட்டை ஒதுக்கி வைத்தாள். போன் அழுதால் வருகிறவன், குழந்தை அழுதால் ஏன் வரவில்லை என்பதையே யோசித்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை போனைப் போடுங்க," என்றாள்.

"எதுக்கு, அதான் தெரிஞ்சு போச்சே."

"போடுங்க. நான் கடைக்குப் போகல, இங்கயே நின்னு பார்க்கறேன்."

அவர் போனை எடுத்தார். எழுத்து தெரிவதற்காக மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பொத்தான் அந்த நொடியிலேயே எழுந்துவிட்டான். போன் இன்னும் அழவில்லை. விரல் இன்னும் பொத்தானிடம்கூடப் போகவில்லை, அதாவது போனின் பொத்தானிடம். நாய் நேராக வந்து சின்னவள் முழங்காலில் முட்டியது.

"போனைக் கீழ வைங்க," என்றாள் சின்னவள். "கண்ணாடியை மூக்குக்கு இறக்குங்க. இப்ப சும்மா நெத்திக்கு ஏத்துங்க."

அவர் ஏற்றினார். பொத்தான் வந்து முட்டினான். இறக்கி ஏற்றினார். முட்டினான். அக்கா ஒரு தடவை செய்துகாட்டச் சொன்னாள். பிறகு தானே அவருடைய கண்ணாடியைப் பிடுங்கித் தன் நெற்றியில் ஏற்றிப் பார்த்தாள். அதற்கும் வந்து முட்டினான். நாலு நாளாக அவர்கள் அந்த நாய்க்கு, இந்த மனுஷன் கண்ணாடியை ஏற்றினால் உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்பதை அவ்வளவு நேர்த்தியாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். முதலில் சிரித்தது அக்காதான். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வீட்டுக்காரர் வெட்கத்தில் கண்ணாடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சின்னவளுக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. நாலு வருஷமாக அவள் இந்த நாயைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டதே இல்லை. கையை அசைப்பாள், தரையில் காலால் தட்டுவாள், புருவத்தை உயர்த்துவாள். காதை நம்பிப் பிழைக்க முடியாத வீட்டில் வளர்ந்த நாய். அவளைப் போலவே அதுவும் ஆளைப் பார்த்தே பிழைத்துவிட்டது. "என்னை மாதிரியே ஆக்கி வச்சிருக்கேன்," என்றாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரியை வரவழைத்தார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இவருக்கு முதல்ல உள்ள நுழையத் தடை. அடுத்தது, மாடியில தினம் அழுதுச்சே, அப்பல்லாம் இவனுக்கு ஒண்ணும் கிடைக்கல. அழுகைன்னா நமக்குச் சம்பந்தமில்லாத சத்தம்னு நினைச்சிட்டிருக்கான். குழந்தை கீழதான் இருக்கணும். அழறப்ப இவன் காது அந்தப் பக்கம் திரும்பினாலே கிளிப்பை அழுத்தணும். அங்கேர்ந்து திரும்பவும் ஒவ்வொரு படியா ஏறி வரணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"எத்தனை நாள் இருக்கு?"

"பத்து."

"அப்ப பத்து நாள்," என்றாள் அவள். பிறகு கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "ஆனா இதை நீ அழுத்த முடியாது. அழுகை கேக்கிற ஆள்தான் அழுத்தணும்."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் பாதி நாள் வண்டியில் இருப்பவர். மீதி நாள் தடை செய்யப்பட்டவர். அக்கா கையை நீட்டவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஆஸ்பத்திரிக்காரி கிளிப்பை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அக்கா உள்ளறைக் கதவுத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். குழந்தை அழுதால், நாயின் காது திரும்பினால், கிளிப். பொத்தான் ஈரல் வாங்கச் சின்னவளிடம் ஓடி வருவான். அவள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தொட்டிலுக்குப் போவாள். முதல் நாள் காது திரும்பியது. இரண்டாம் நாள் தலையே திரும்பியது, அன்று சின்னவள் ஈரலை இரண்டாகக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அதற்கு மேல் ஏறாமல் நின்றுபோயிற்று. நாலாம் நாளும் அப்படியே. பாதி தடவை நாய் குழந்தையைப் பார்ப்பான், கதவுத் திரையைப் பார்ப்பான், படுத்துக்கொள்வான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. ஒரு வாடிக்கையாளர்கூட வரவில்லை. அக்காவும் அவளும் சமையல் மேடையில் நின்று ஈரல் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைத் தொட்டாள்.

"நேத்து குழந்தை ஆறு தடவை அழுதது," என்றாள். "நான் மூணு தடவைதான் அழுத்தினேன். முந்தாநாளும் அப்படித்தான்."

"ஏன், உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுது. அவனும் எழுந்து ரெண்டடி நடந்தான். கிளிப் கையிலதான் இருந்தது. அழுத்தல."

சின்னவளுக்கு முதலில் உதட்டைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று தோன்றியது. அக்கா இன்னொரு முறை சொன்னாள். அப்போது கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் அக்கா மேல் வராத கோபம்.

"நான் யாரைப் போய்க் கேப்பேன்?" என்றாள். "அழுததா இல்லையான்னே எனக்குத் தெரியாது. நீ சொன்னாதான் உண்டு. உன்னை நம்பித்தானே அங்க முதுகைக் காட்டிட்டு நிக்கறேன்."

அக்கா சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையை அசைக்கவில்லை. எப்போதும் அசைப்பவள். "அதான்டி," என்றாள். "எப்பவும் நான் சொன்னாதான் உண்டு. சின்ன வயசுல உன்னை யாராவது கூப்பிட்டா, உன்கிட்ட வந்து கூப்பிடறாங்கன்னு நான் சொன்னதே இல்ல. நானே போய்ப் பேசி முடிச்சிட்டு வந்துருவேன். உனக்கு நல்லதுன்னுதான் செஞ்சேன். அப்புறம் அதுவே பழகிப் போச்சு. உன் கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுல உக்காந்தா, என்னமோ வேலையிலேர்ந்து நிறுத்திட்ட மாதிரி இருக்கும். குழந்தை வந்ததும் திரும்ப எனக்கு ஒரு வேலை வந்துதுன்னு நினைச்சேன். இப்ப அதையும் ஒரு நாய் செய்யப் போகுதேன்னு..." அவள் மேற்கொண்டு சொன்னதைச் சின்னவளால் படிக்க முடியவில்லை. அழுகிறபோது எல்லோருடைய உதடும் ஒரே மாதிரிதான் கோணுகிறது.

சின்னவள் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது. ஈரலை எல்லாம் நறுக்கி முடித்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இன்னிக்கு அழுதா அழுத்துவியா?"

"அழுத்தறேன்."

"நீ பொய் சொன்னா எனக்குத் தெரியாது."

"தெரியாது," என்றாள் அக்கா. "அதனாலதான் இப்ப வாயைத் திறந்து சொன்னேன்."

அன்று சாயங்காலம் பொத்தான் தொட்டில் வரைக்கும் நடந்து போய்க் கம்பிக்குள் மூக்கை நுழைத்தான். கிளிப் சொடுக்கியது என்பது சின்னவளுக்கு எப்படித் தெரியும்? அவன் விரிப்புகளைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்த வேகத்தில் தெரிந்தது. மறுநாளிலிருந்து தொட்டிலுக்குப் போனது மட்டும் போதாது என்று ஆக்கினார்கள். வந்து முட்டினால்தான் உண்டு. முட்டுவதை அவன் ஏற்கெனவே படித்தவன் ஆனதால் இரண்டு துண்டும் சட்டென்று ஒட்டிக்கொண்டன. அதற்கடுத்த நாள் அக்கா திரைக்குப் பின்னாலிருந்து மாடிப்படிக்கு இடம் மாறினாள். எட்டாம் நாள் கிளிப்பே இல்லை; போய்ப் பார்த்துக் குழந்தை நிஜமாகவே அழுதுகொண்டிருந்தால் ஈரல். அன்று ஐந்து தடவை அழுதது என்று அக்கா சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். பொத்தான் வந்தது ஐந்து தடவை.

"என்னிக்காவது இவனுக்கு உடம்புக்கு வந்தா?" என்று கேட்டாள் அக்கா, கோட்டையெல்லாம் எண்ணி முடித்த பிறகு.

"நான் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போய்ப் பார்ப்பேன். இவன் இருந்தாலும் பார்ப்பேன். உனக்கு மட்டும் உடம்புக்கு வராதா?"

அக்கா பென்சிலை அலமாரியில் வைத்தாள். போவதா இருப்பதா, குழந்தை யாரோடு என்பதைப் பற்றி அவள் அன்றும் வாயைத் திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை. கேட்டால் என்ன சொல்லிவிடுவாளோ என்று சின்னவளும் கேட்கவில்லை.

புறப்படுகிற காலையில் மழை விட்டிருந்தது. வீட்டுக்காரர் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சக்கரத்தில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் பை பெஞ்சின் மேல் இருந்தது. அதன் வாய் சரியாக மூடவில்லை. குழந்தையின் சின்னச் சட்டைகளும் துண்டுகளும் மேலாக அடுக்கியிருந்தது தெரிந்தது. காலையில் எழுந்ததும் அக்காவே அடுக்கியது. சின்னவள் அதைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்தது இரண்டு பேரும்தானே, நாய் செய்துவிட்டதே என்று சண்டை போட வாய் துடித்தது. பெரிய மிஷினில் விடுதி விரிப்புகள் சுழல ஆரம்பித்து, தரை அவள் உள்ளங்காலில் நடுங்கியது. இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பொத்தான் வாசலில் நின்று, வீட்டுக்காரர் சேற்றைத் தட்டுவதை மும்முரமாகக் கவனித்துக்கொண்டிருந்தான்.

பாதி டீயில் அக்காவின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வைச் சின்னவளுக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். உள்ளே குழந்தை அழுகிறது. அக்காவின் தோள் உயர்ந்தது, குதிகால் தரையிலிருந்து எழுந்தது. சின்னவளின் காலும் தானாக எழப் பார்த்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு குதிகாலை மெதுவாகக் கீழே வைத்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் பொத்தானின் காது திரும்பியது. தலை திரும்பியது. வண்டியை விட்டுவிட்டு, தொங்கும் விரிப்புகளுக்கு அடியில் குனிந்து உள்ளே போனான். போனவனைக் காணோம். விரிப்பின் ஓரம் அசைந்தது. நடை வழியாக வந்தால் முதலில் இருப்பது அக்காதான். அவன் அவளை உரசிக்கொண்டு தாண்டிப் போய், மேசையைச் சுற்றி வந்து, சின்னவளின் முழங்காலில் ஈர மூக்கை வைத்து அழுத்தினான். அவள் எழுந்தாள். அவன் முன்னால் நடந்தான்.

குழந்தையை எடுத்துத் துணி மாற்றி, பால் கொடுத்து, பொத்தானுக்கும் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு அவள் திரும்பி வரக் கால் மணி நேரம் ஆயிற்று. வரும்போது அக்காவின் பை பாதி காலியாக வாய் பிளந்து கிடந்தது. இஸ்திரி மேசையின் மேல் குழந்தையின் சட்டைகளை அக்கா ஒவ்வொன்றாக எடுத்து விரித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டையும் எடுத்து உதறிப் போட்டுவிட்டு, சின்னவளுக்கு நேராக நிமிர்ந்தாள்.

"எல்லாம் கசங்கிப் போச்சு," என்றாள். "இஸ்திரி போட்டு வை."